சோம்பலா, உறக்கக் கடனா?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் வைணவப் பெரியார் இராமானுசர் பிறந்த ஊர் என்பதே முன்னாளில் மக்கள் நினைவுக்கு வரும். இந்நாளில் அப்பெயரைக் கேட்டவுடன் மனக்கண்ணில் தோன்றுபவை தொழிற்சாலைகளும், அவற்றுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்துகளின் வரிசையுமே ஆகும். 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை வந்தது. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் கார் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் தொடர்ந்தன. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் கைப்பேசிகளை உருவாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றது.

இத்தகைய ஆலைகளுக்கு இரவு என்பது கிடையாது. கண்ணாடி உருக்கும் உலையை ஒருமுறை மூட்டினால் ஆண்டுக்கணக்கில் அணைப்பதில்லை. கோடிக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய இயந்திரங்களை இரவில் உறங்கவிட முதலாளிகள் விரும்புவதில்லை. எனவே மனிதர் முறை வைத்து விழித்திருக்கின்றனர். 'ஷிப்ட்' என்ற சொல் நம் வீட்டு அடுக்களை வரையில் வந்துவிட்டது. பெண்களை இரவில் ஆலைப் பணியில் அமர்த்தலாகாது என்றிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்ட விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் மகன் மட்டுமன்றி மகளும் இரவுப் பணிக்குச் செல்லும் காலம் வந்தது.

வருவாய் வந்தது, கூரை வீடு காரை வீடாயிற்று, தம்பி தங்கையர் கல்லூரி செல்கின்றனர். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இப்பகுதிக் குடும்பங்களில் புதியதொரு மனத்தாங்கலும் முளைத்திருக்கின்றது. "பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான், சோம்பேறி." "ஒரு வார்த்தை கேட்டால் எரிந்து விழுகிறாள், சம்பாதிக்கும் திமிர்." "ஞாயிறு திருப்பலிக்கும் எழுவதில்லை, பக்தி போய்விட்டது." இவை பெற்றோர் வைக்கும் பெயர்கள். பிள்ளைகளும் தம் பங்குக்கு, "வீட்டில் எவருக்கும் என்னைப் புரியவில்லை" என்று வாயை மூடிக்கொள்கின்றனர்.

பெயர் தவறாயின் மருந்தும் தவறாகும். சோம்பல் என்று பெயரிட்டால் கண்டிப்பே மருந்தாகத் தோன்றும். திமிர் என்று பெயரிட்டால் அடக்குதலே வழியாகத் தோன்றும். உண்மையில் இருப்பது வேறொன்றாயின், இந்த மருந்துகள் நோயை வளர்க்குமேயன்றித் தணிக்கா. உளவியலும் மூளை நரம்பியலும் நமக்குச் சில சொற்களை அளித்துள்ளன. அவை கற்றோர் மன்றத்துக்கு மட்டும் உரியவை அல்ல. அடுக்களையிலும் திண்ணையிலும் பயன்பட வேண்டியவை. அவற்றுள் சிலவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

முதற் சொல், உயிர்க் கடிகாரம் என்பது. மாலையானதும் புளிய மரத்தின் இலைகள் கூம்புவதையும், தூங்குமூஞ்சி மரம் தன் பெயருக்கேற்ப இலைகளை மடித்துக்கொள்வதையும் நாம் அறிவோம். ஒளி மறைவதால் இலை மடிகின்றது என்றே நெடுங்காலம் எண்ணினர். 1729ஆம் ஆண்டில் தெ மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர், தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றை முழு இருளில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாத அந்தச் செடி, பகல் வேளை வந்ததும் இலைகளை விரித்தது. இரவு வேளை வந்ததும் மடித்தது. காலத்தை அறிவிக்கும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்கின்றது என்பது இதனால் புலனாயிற்று.

மனிதனுக்குள்ளும் அத்தகைய கடிகாரம் உண்டு. இரு கண்களிலிருந்து வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு ஒன்று உள்ளது. உடல் முழுவதற்கும் அதுவே நேரம் காட்டுகின்றது. மாலை மங்கியதும் மெலடோனின் என்னும் இரவுச் சுரப்பைப் பினியல் சுரப்பியிலிருந்து வெளிவரச் செய்வதும், உடல் வெப்பத்தைப் பின்னிரவு நான்கு ஐந்து மணிக்கு மிகத் தாழ்த்துவதும், விடியலில் கார்ட்டிசால் என்னும் சுரப்பைப் பெருக்கி நம்மை எழுப்புவதும் அதன் ஏவலால் நிகழ்வன. இக்கடிகாரம் அணுக்களுக்குள் எவ்வாறு ஓடுகின்றது என்பதைப் பழ ஈக்களின் மரபணுக்களில் ஆராய்ந்து கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்துறையில் தமிழகத்துக்கும் சிறப்பான இடம் உண்டு என்பது பலர் அறியாத செய்தி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் உயிர்க் கடிகார ஆராய்ச்சிக்கென ஒரு மரபையே உருவாக்கினார். பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலுள்ள சமணர் மலைக் குகையில் வாழும் வௌவால்களை அவரும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தனர். ஒளி புகாத ஆழத்தில் கூண்டுக்குள் அடைக்கப்பட்ட வௌவாலும் நாள்தோறும் உரிய நேரத்தில் விழித்துச் சிறகடித்தது. கதிரவனைக் காணாத அதற்கு நேரம் தெரிவது எப்படி? மாலைதோறும் குகையை விட்டுப் புறப்பட்டு விடியலில் திரும்பும் தன் கூட்டத்தாரிடமிருந்தே அது நேரத்தை அறிந்துகொண்டது. கூட்டம் இல்லாதபோது அதன் கடிகாரம் வெளியுலக நேரத்திலிருந்து சிறிது சிறிதாக விலகிச் சென்றது. இந்த முடிவை அவர்கள் 1981இல் வெளியிட்டனர்.

மனிதனின் கடிகாரத்தைச் சரிசெய்யும் முதன்மையான விசை ஒளியே. ஆயினும் உணவு வேளையும், வீட்டாரின் நடமாட்டமும், பேச்சும் ஓரளவு துணை செய்கின்றன. இரவுப் பணி செய்பவரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. ஆலை அவரை இரவில் விழிக்கச் சொல்கின்றது. காலை ஆறு மணிக்கு வெளியே வந்ததும் கதிரவன் அவர் கண்ணில் ஒளியைப் பாய்ச்சி, "பகல் வந்துவிட்டது, விழி" என்கின்றான். வீட்டிலோ குக்கர் சத்தம், தொலைக்காட்சி, அழைப்பு மணி, தெருவில் காய்கறிக்காரர் குரல். அவர் பாயில் படுக்கும் வேளை, அவருடைய மூளை உடலை எழுப்பும் வேளையாக இருக்கின்றது. இதனால் பகலுறக்கம் இரவுறக்கத்தைக் காட்டிலும் ஒன்று முதல் நான்கு மணி நேரம் வரை குறைந்துவிடுகின்றது. கிடைக்கும் உறக்கமும் ஆழமாக இருப்பதில்லை.

கடிகாரத்தைப் பற்றி இன்னும் ஒன்று அறிய வேண்டும். வெளியுலகக் குறிப்புகள் ஏதுமின்றி விடப்பட்டால் மனிதக் கடிகாரம் 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்கின்றது. எனவே படுக்கும் நேரத்தைப் பின்தள்ளுவது அதற்கு எளிது, முன்தள்ளுவது கடினம். காலை முறையிலிருந்து பிற்பகல் முறைக்கும், அதிலிருந்து இரவு முறைக்கும் மாறுவோர் ஓரளவு தாங்குவர். இரவிலிருந்து பிற்பகலுக்கும், பிற்பகலிலிருந்து காலைக்கும் பின்னோக்கி மாற்றப்படுவோர் மிகுதியாக வருந்துவர். ஆலைகளில் முறை வகுப்போர் இதனை அறிந்து வகுத்தால், ஒரு காசும் செலவின்றிப் பல்லாயிரம் பேரின் களைப்பைக் குறைக்கலாம்.

உறக்கக் கடன்

இரண்டாவது சொல் உறக்கக் கடன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகின்றது, உறங்கும்போது குறைகின்றது. உறக்கம் போதாதாயின் கணக்கில் பாக்கி நிற்கும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் குறைந்தால், ஆறு நாள் முடிவில் பன்னிரண்டு மணி நேரப் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வரை ஒருவன் எழாமல் கிடக்கின்றான் என்றால், அவன் அக்கடனில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்திக்கொண்டிருக்கின்றான் என்று கொள்வதே பொருத்தம். அவனை அதட்டி எழுப்பிக் காலைத் திருப்பலிக்கு இழுத்துச் செல்வதைவிட, மாலைத் திருப்பலி உள்ள ஆலயத்துக்கு உடன் அழைத்துச் செல்லலாகாதா?

தேநீர் இக்கடனைத் தீர்ப்பதில்லை; மறைக்கவே செய்கின்றது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீன், அடினோசின் மூளையில் பதியும் இடங்களைத் தான் பிடித்துக்கொள்கின்றது. களைப்புச் செய்தி மூளைக்கு எட்டுவதில்லை. களைப்போ அப்படியே இருக்கின்றது. உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். பின்னிரவு நான்கு மணிக்குக் குடித்த தேநீரின் பாதி, காலை ஒன்பது மணிக்கும் உடலில் இருந்து, படுத்தவரைப் புரள வைக்கின்றது. இரவுப் பணியில் தேநீர் வேண்டுமெனில் பணியின் முற்பாதியிலேயே அருந்துவது நன்று.

இக்கடன் உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு உறங்கி எழும் ஒருவர், இரவு பத்து மணிக்குப் பணியில் சேர்ந்து, காலை ஆறு மணிக்கு முடித்து, ஏழு மணிக்கு இரு சக்கர வண்டியில் நெடுஞ்சாலையில் செல்கின்றார் எனக் கொள்வோம். அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. 1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்ட முடிவின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறன், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் கைத்திறனுக்கு ஒப்பானது. வண்டி ஓட்டுவோருக்கு நம் நாட்டுச் சட்டம் விதித்துள்ள எல்லையோ 30 மில்லிகிராம். ஒரு துளி மதுவும் தொடாத நல்ல பிள்ளை, குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரின் நிலையில் வீடு திரும்புகின்றான்! கண் திறந்திருக்கும்போதே மூளை ஓரிரு நொடி உறங்கிவிடுவதும் உண்டு. 'நொடித் துயில்' எனத்தக்க அந்த இடைவெளியில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மூன்று நொடியில் 50 மீட்டர் தூரம் ஓடிவிடும். ஆலைப் பேருந்து இருக்குமாயின் அதிலேயே வரும்படி பிள்ளைகளை வற்புறுத்துவது பெற்றோரின் கடமை.

எரிந்து விழுவதற்கும் காரணம் உண்டு. மூளைக்குள் வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி உள்ளது. அச்சத்துக்கும் சினத்துக்கும் அபாய மணி அடிப்பது அது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை, அந்த மணியோசையைக் கேட்டு, "பொறு, இது அபாயமன்று" என்று அடக்குவது. ஓர் இரவு உறங்காதவர்களின் மூளையைப் படம் எடுத்து 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அவர்களிடம் அமிக்டலா மிகையாகக் கிளர்ந்தெழுவதையும், முன்மூளையுடன் அதற்குள்ள தொடர்பு தளர்வதையும் காட்டிற்று. "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்ற அன்பான வினாவுக்குச் சுடுசொல் விடையாக வருவது இதனால்தான். சுடுசொல் சரி என்று நாம் சொல்லவில்லை. அதற்கு மறுமொழி கூற ஏற்ற வேளை, அவள் உறங்கி எழுந்த பின்னரே என்கிறோம்.

கவனம் தேய்வதும் இவ்வாறே. 1948ஆம் ஆண்டில் மாக்வொர்த் என்ற ஆங்கில உளவியலறிஞர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். கடிகாரம் போன்ற வட்டத்தில் ஒரு முள் சீராகத் துள்ளிக்கொண்டிருக்கும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளலாகத் துள்ளும். அதைக் கண்டு சொல்ல வேண்டும். நல்ல பயிற்சி பெற்றோரும் முதல் அரை மணி நேரத்துக்குப் பின் இரட்டைத் துள்ளல்களைத் தவறவிடலாயினர். கைப்பேசித் திரையில் மயிரிழைக் கீறலைத் தேடும் பெண்ணின் வேலையும் இத்தகையதே. அவள் தவறவிட்டாள் எனில் அது அலட்சியம் என்று முடிவு கட்டுவதற்கு முன், எத்தனை மணி நேரமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும் கேட்க வேண்டாமா?

குணமா, சூழலா?

இவ்வளவையும் ஒரு நூலில் கோக்கும் சொல் ஒன்று உளவியலில் உண்டு. பிறர் ஒரு தவறு செய்தால் அதனை அவர் குணத்தின்மேல் ஏற்றுகிறோம். நாம் அதே தவற்றைச் செய்தால் சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறோம். அடுத்தவன் பிந்தி வந்தால் பொறுப்பற்றவன். நாம் பிந்தினால் பேருந்து வரவில்லை. பிறர் செயலில் சூழலைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் மதிப்பிடும் இச்சாய்வுக்கு, 1977ஆம் ஆண்டில் லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலறிஞர் 'அடிப்படைக் காரணப் பிழை' என்ற பொருள்படப் பெயரிட்டார்.

இதில் நமக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. 1984ஆம் ஆண்டில் ஜோன் மில்லர் என்பவர் மைசூர் மக்களையும் அமெரிக்கரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிறர் செயலுக்கு விளக்கம் கேட்டபோது அமெரிக்கர் பெரும்பாலும் குணத்தைச் சொல்ல, மைசூர்ப் பெரியவர்கள் சூழலையும் உறவையும் கடமையையும் மிகுதியாகச் சொன்னார்கள். சிறு குழந்தைகளிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. வளர வளரவே கற்றுக்கொள்ளப்படுகின்றது. ஆக, சூழலைப் பார்த்துப் பேசுவது நம் பகுதி மக்களுக்குப் பழகிய பண்பே. அதனை நம் வீட்டுப் பிள்ளையிடமும் காட்டுவோம் என்பதே நம் வேண்டுகோள்.

வீட்டுக்குப் பொருந்துவது ஊருக்கும் பொருந்தும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலர் இறந்துவிட்டனர் என்ற பேச்சு கைப்பேசி வழியே பரவிற்று. பெண்கள் திரண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். எவரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் தெரிவித்தனர். "வதந்தியை நம்பிச் சாலையை மறித்தார்கள், அறிவற்ற கூட்டம்" என்று கூறிவிடுவது எளிது.

ஆனால் வதந்தியைப் பற்றி ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இருவர் 1947இலேயே ஆராய்ந்து கூறியது வேறு. ஒரு செய்தி மக்களுக்கு மிக முக்கியமானதாக இருந்து, அதே வேளையில் தெளிவற்றதாகவும் இருந்தால் அங்கே வதந்தி பிறக்கும். இரண்டில் ஒன்று இல்லையெனில் வதந்தியும் இல்லை. உடன் தங்கிய தோழி எங்கே, எப்படி இருக்கின்றாள் என்பதைவிட முக்கியமான செய்தி அப்பெண்களுக்கு வேறில்லை. அதற்குத் தெளிவான விடை அவர்களுக்கு உடனே கிட்டவில்லை. வெற்றிடத்தை அச்சம் நிரப்பிற்று. விடுதிகள், உணவுக் கூடங்கள் சில தங்கள் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பின்னர் தெரிவித்தது. மூடப்பட்ட ஆலை 2022 சனவரி 12 அன்று மீண்டும் திறந்தது. குணத்தைக் குறை கூறியிருந்தால் இதில் எதுவும் திருந்தியிராது. சூழலைப் பார்த்ததால் சில திருந்தின. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதி திறக்கப்பட்டது. கட்டடம் பெரிதாக இருத்தல் நன்றே. ஒரே முறையில் பணி செய்வோரை ஒரே அறையில் தங்கவைத்தால், ஒருத்தி எழும் ஓசை மற்றொருத்தியின் உறக்கத்தைக் கெடுக்காதிருக்கும்.

வேலை போனால் போவது என்ன?

2014 நவம்பர் முதல் நாள் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்திற்று. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அங்கே சேர்ந்து, எட்டாண்டுகள் வரை உழைத்த பல ஆயிரம் இளைஞரும் இளம் பெண்களும் வீடு திரும்பினர். வேறு வேலை தேடாமல் வீட்டில் முடங்கியவரை நோக்கி, "சும்மா உட்கார்ந்து பழகிவிட்டான்" என்ற சொல் இத்தகைய வேளைகளில் எழுவது வழக்கம்.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னாவுக்கு அருகில் மரியன்தால் என்ற சிற்றூர் இருக்கின்றது. ஊர் முழுவதும் நம்பியிருந்த நெசவாலை மூடப்பட்ட பின், மரி யாகோடாவும் அவருடன் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் அவ்வூரில் தங்கிப் பார்த்து 1933இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஓய்வு நேரம் பெருகியதால் மக்கள் மிகுதியாகப் படிப்பர் என்று எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ நேர்மாறு. நூலகத்தில் நூல் வாங்குவது குறைந்தது. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்தது; நின்று நின்று சென்றனர். அடுப்பும் குழந்தையும் நேரத்தை வகுத்துத் தந்ததால் பெண்களின் நாள் ஓரளவு சிதறாமல் இருந்தது.

வேலை ஊதியத்தை மட்டும் தருவதில்லை என்று யாகோடா விளக்கினார். நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே நட்பு, பலருடன் சேர்ந்து ஒன்றைச் செய்யும் நிறைவு, "நான் இன்னார்" என்ற அடையாளம், சுறுசுறுப்பு ஆகியவற்றையும் வேலையே தருகின்றது. வேலை போனால் இவ்வளவும் ஒரே நாளில் போய்விடுகின்றன. முடங்கிக் கிடத்தல் அந்த இழப்பின் விளைவு. அப்படிப்பட்டவரிடம் அறிவுரையை விடப் பயன்படுவது, நாளுக்கு ஏதேனும் ஒரு வடிவத்தை மீட்டுத் தருவதே: குறித்த நேரத்தில் எழுதல், பங்கு நூலகத்திலோ மாலைப் பாடசாலையிலோ ஒரு பொறுப்பு, பழைய தோழருடன் சந்திப்பு.

அழுத்தமும் சோர்வும்

இறுதியாக, நாம் அன்றாடம் குழப்பிக்கொள்ளும் இரு சொற்கள். 'மன அழுத்தம்' வேறு, 'மனச்சோர்வு' வேறு. பேச்சிலும் பத்திரிகைகளிலும் இரண்டையும் ஒன்றாக வழங்குகின்றனர். இதனால் தீங்கு விளைகின்றது.

இரும்புத் தண்டின்மேல் பாரம் ஏற்றினால் அது அழுத்தத்துக்கு உள்ளாகின்றது. இயற்பியலில் வழங்கிய அச்சொல் உடலுக்கும் பொருந்துமாறு வழக்குக்கு வர வழி செய்தவர் மருத்துவ அறிஞர் ஹான்ஸ் செல்யே. அவருடைய முதல் ஆய்வுக் குறிப்பு 1936இல் வெளிவந்தது. பாரம் வரும்போது உடல் முதலில் விழித்தெழுகின்றது. பின்னர் எதிர்த்து நிற்கின்றது. பாரம் நீங்காவிடின் இறுதியில் ஓய்ந்துபோகின்றது. அளவான அழுத்தம் தீமையன்று; தேர்வுக்கு முன்னால் வரும் படபடப்பு படிக்க வைக்கின்றது. எவ்வகைப் பாரம் மனிதரை முறிக்கின்றது என்பதை 1979இல் ராபர்ட் கராசெக் ஆராய்ந்தார். வேலையின் பளுவும் மிகுந்து, அதன்மேல் தனக்கு யாதொரு பிடியும் இல்லாத நிலையே மிகக் கொடிது என்றார். ஓடும் பட்டையின் முன் நிற்பவர் அதன் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. இடையில் எழுந்து செல்லவும் மாற்றாள் வர வேண்டும். வீட்டிலேனும் சிலவற்றை அவர் தீர்மானிக்க இடம் கொடுங்கள். தாம் ஈட்டிய ஊதியத்தில் ஒரு பகுதியை எப்படிச் செலவிடுவது என்று மகளே முடிவு செய்யட்டும். அது சிறிய உரிமை. அவளுக்குப் பெரிய மருந்து.

மனச்சோர்வு என்பதோ ஒரு நோய். இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், பெரும்பாலான நாள்களில் நாள் முழுதும் மனம் கவிழ்ந்திருத்தல், முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டமின்மை ஆகிய இரண்டில் ஒன்றேனும் இருக்கும். அதனுடன் உறக்கமும் பசியும் மாறுதல், ஓயாத அயர்வு, கவனம் நில்லாமை, "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றுள் பலவும் சேர்ந்து வரும். அழுத்தமாயின் பாரம் இறங்கினால் தணியும். சோர்வு விடுமுறைக்கு வந்த பின்னும் போகாது. விடுதியிலிருந்து விழாவுக்கு வீடு வந்த மகள் புத்தாடையையும் தோழியரையும் ஏறெடுத்தும் பாராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அதனைத் திமிர் என்றோ, செய்வினை என்றோ, பேயின் வேலை என்றோ பெயரிட்டுக் காலம் கடத்தலாகாது. செபம் வேண்டாம் என்பதன்று. செபிப்பவரும் காய்ச்சலுக்கு மருந்து உண்கின்றனர் அல்லவா?

இதற்கு மருத்துவம் உண்டு. பலர் முற்றிலும் நலம் பெறுகின்றனர். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கின்றது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. தற்கொலைத் தடுப்புக்கென 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு தொண்டாற்றி வருகின்றது. 2022 அக்டோபர் 10 அன்று மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் சேவையில், 14416 என்ற எண்ணைச் சுழற்றினால் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம். இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவருக்கு இது எத்துணை உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அது வெறும் மிரட்டல் என்று தள்ளாமல், நேரடியாகவும் அன்பாகவும் கேளுங்கள். அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் வளர்வதில்லை. சொல்ல ஓர் ஆள் கிடைத்தார் என்ற ஆறுதலே பிறக்கின்றது.

இல்லத்தார் செய்யத்தக்கவை

இரவுப் பணி செய்பவர் உறங்கும் அறைக்குக் கனத்த திரை போடுங்கள். கறுப்புத் துணியானாலும் போதும். அவர் உறங்கும் வேளையை அடுக்களைச் சுவரில் எழுதி வைத்து, வீட்டார் அனைவரும் அதனை மதியுங்கள். பகல் பதினொரு மணிக்கு அவரைத் தொலைபேசியில் அழைப்பது, நள்ளிரவில் உங்களை ஒருவர் எழுப்புவதற்கு ஒப்பாகும். தொலைவில் விடுதியில் இருக்கும் மகளிடம், "ஏன் போனை எடுக்கவில்லை?" என்று கோபிப்பதற்கு முன், "இந்த வாரம் உனக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாளுக்கு ஒரு வேளையேனும் அவர் விழித்திருக்கும் நேரத்தில் எல்லோரும் சேர்ந்து உண்ணுங்கள். சமணர் மலைக் குகையின் இருளில் தனித்திருந்த வௌவாலுக்குக் கூட்டத்தின் வரவும் போக்கும் நேரம் காட்டியதைப் போல, காலம் தடுமாறி நிற்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வேளை உணவு பிடிமானமாகும். குடும்பத்தில் பூசல் எழுந்தால், இருவரும் உறங்கி எழுந்த பின்னரே பேசித் தீர்ப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர் செய்யும் எல்லாவற்றுக்கும் சூழலே பொறுப்பு என்று நாம் கூற வரவில்லை. சோம்பலும் உலகில் உண்டு, திமிரும் உண்டு. ஆனால் அவை முதல் பெயராக இருக்க வேண்டா. கடைசிப் பெயராக இருக்கட்டும். எத்தனை மணி நேரம் உறங்கினான், எத்தனை வாரமாக இப்படி இருக்கின்றாள், எந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கின்றார்கள் என்று முதலில் கேட்போம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இரவு முழுதும் எரியும் விளக்குகளின் கீழ் நிற்பவர்கள் நம் பிள்ளைகள். அவர்கள் விழித்திருந்து ஈட்டியதை மகிழ்வோடு பெற்றுக்கொள்ளும் நாம், அவர்களைப் பகலில் உறங்கவிடும் கடமையையும் ஏற்றுக்கொள்வோம்.